உதவிக்கு ஆள் வைத்தால் அது என் தொழில் இல்லையா?

நான் பேசிய அந்த நேரலையைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். முழுதாக மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. "மெயிலுக்குப் பதில் போடக்கூட ஆள் வைத்திருக்கும் பெண், சொந்தமாகத் தொழில் செய்கிறேன் என்று எப்படிச் சொல்லலாம்?" என்று அதில் ஒருவர் என்னைக் கேட்டதும், உடனே எழுந்த சிரிப்பும் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எனக்குச் சற்று முன்னால் பேசியவரும் தன் காலண்டரை ஓர் உதவியாளர்தான் பார்த்துக்கொள்கிறார் என்றார். அவர் ஆண். நேரத்தின் அருமை தெரிந்தவர் என்று அவரைப் பாராட்டினார்கள்.

விர்ச்சுவல் அசிஸ்டென்ட், அதாவது வேறிடத்திலிருந்து இணையம் வழியாக வேலை செய்யும் உதவியாளர், வைத்தால் வேலைதான் கைமாறும். பொறுப்பு என்னிடமேதான் இருக்கிறது. இன்வாய்ஸில் தொகை தப்பாகப் போனால் வாடிக்கையாளர் என்னைத்தான் கூப்பிடுவார். அப்புறம், வேலையைப் பிரித்துக் கொடுப்பதே ஒரு வேலை. எந்த மெயிலுக்கு உதவியாளரே பதில் போடலாம், எதை என்னிடம் கேட்க வேண்டும், பணத்தைத் திருப்பிக் கேட்பவரிடம் எதுவரை ஒத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுதினேன். செய்துகாட்டி ஸ்க்ரீனைப் பதிவு செய்து அனுப்பினேன். என் தொழில் எனக்கே தெளிவாகத் தெரியாமல் இதையெல்லாம் எழுதியிருக்க முடியுமா?

அவர் வருவதற்கு முன்பு எப்படி இருந்தது தெரியுமா? அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு டெலிவரி தேதி பற்றி யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் வெளியே வந்து சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் நீயே பாத்துக்கிறியே" என்று மெச்சினார்கள். நான் தேய்ந்துகொண்டிருந்தவரை எல்லோருக்கும் என்னைப் பிடித்திருந்தது.

பாஸ்வேர்டை எல்லாம் யாரிடமோ கொடுத்துவிட்டேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். கொடுக்கவில்லை. ஜிமெயிலில் டெலிகேட் என்று ஒரு வசதி இருக்கிறது. உதவியாளர் தன் கணக்கிலிருந்தே என் மெயிலைப் படிக்கலாம், பதில் அனுப்பலாம், அழிக்கவும் செய்யலாம். என் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. நினைத்த நேரத்தில் அந்த அனுமதியை நான் எடுத்துவிடலாம். வங்கிக் கணக்கு என் கையில்தான் இருக்கிறது. முதலில் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்து, அதற்கும் சம்பளம் கொடுத்து, பார்த்துத்தான் சேர்த்தேன்.

வாடிக்கையாளர்கள் என்னிடம்தான் பேச ஆசைப்படுவார்கள் என்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நேரத்துக்குப் பதில்.

குறைந்த கூலிக்கு இன்னொரு பெண்ணைச் சுரண்டுகிறேனா என்ற கேள்வி வேறு. அது நியாயமான கேள்வி, யாரிடமும் கேட்கலாம். என் உதவியாளர் சொன்ன தொகையைப் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன். ஆனால் காலண்டர்காரரிடம் இதை ஏன் யாரும் கேட்கவில்லை?

1962இல் இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். குழந்தைகளோடு வீட்டில் இருந்த, படித்த பெண்களுக்கு வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராமை எழுதியது அந்தப் பெண்கள்தான். தன் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததால் 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார். ஆணின் பெயரைப் பார்த்த பிறகுதான் கதவு திறந்தது. இத்தனை வருஷம் கழித்தும், ஒரு பெண் வேலையைப் பிரித்துக் கொடுத்தால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள்.

கேட்டவர்மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை, அவர் யாரோ. என்னோடு சேர்ந்து தொழில் தொடங்கிய ஒரு தோழி அந்த வீடியோவுக்குச் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறாள். ராத்திரி கணக்கு முடிக்க முடியாமல் போனில் அழுதவள். அழாதே, யாரையாவது உதவிக்கு வைத்துக்கொள் என்று அவளுக்குச் சொன்னது நான்தான். அந்த எமோஜியைப் பார்த்ததிலிருந்து தூக்கம் சரியில்லை.

என் உதவியாளரும் அந்த நேரலையைப் பார்த்திருக்கிறார். "என்னால உங்களுக்குக் கெட்ட பேரு வந்துடுச்சா மேடம்?" என்று மெசேஜ் அனுப்பினார். இப்படி ஒருவரை நினைக்க வைத்ததற்காகவாவது அங்கே சிரித்தவர்கள் வெட்கப்பட வேண்டும்.

இந்தப் பதிவுக்கு வரும் கருத்துகளை நானே படிப்பேன். என்னைத் திட்டினால் பதில் சொல்கிறேன். அவரைப் பற்றித் தரக்குறைவாக எழுதினால் பிளாக் செய்துவிடுவேன்.