ஆமை அழுகிறதாம்!

ராத்திரி சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தால், டிவியில் ஆமை முட்டையிடுகிறது. கண்ணோரம் ஈரம். உடனே வயலின். தழுதழுத்த குரலில் ஒருவர்: "பிள்ளைகளைப் பிரியும் தாயின் கண்ணீர்..." பக்கத்தில் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைக்கிறார்.

யம்மா, அது உப்பு! உடம்பில் சேர்ந்த கடல் உப்பைக் கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது. தண்ணீருக்குள் இருக்கும்போதும் அப்படித்தான். நூறு முட்டையைப் புதைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காது. சொன்னால், "உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லடா" என்று எனக்குத்தான் திட்டு.

பென்குயின் என்றால் தெய்வீகக் காதலாம். எம்பரர் பென்குயின் பெரும்பாலும் அடுத்த வருஷம் வேறு ஜோடி தேடிக்கொள்ளும். டால்பின் சிரிக்கிறதாம். தாடை அமைப்பே அப்படி, செத்துக் கிடந்தாலும் சிரித்த முகம்தான்! சரி, முதலைக்கு மட்டும் ஏன் வில்லன் மியூசிக்? குட்டிகளை வாயில் சுமக்கும் அதுவும் தாய்தானே? பல் நீளம் என்றால் பாசம் கிடையாதா?

எங்கள் காசிமேட்டில் மீன் கூடையையே வெறித்தபடி ஒரு பூனை தினமும் உட்கார்ந்திருக்கும். இந்த டிவிக்காரர்கள் கண்ணில் பட்டால், 'கடலுக்குப் போன காதலனுக்காகக் காத்திருக்கிறாள்' என்பார்கள். அதற்கு வேண்டியது நாலு காரப்பொடி மீன்.