சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் பூஜ்யம்

(ஆசிரியர் ஓய்வறை. கடைசி மணி அடித்தாயிற்று. மேசைக்கு ஒரு பக்கம் இயற்பியல் சார், எதிர்ப்பக்கம் ஓவிய டீச்சர். நடுவில் தலைமை ஆசிரியர் அனுப்பிய சுற்றறிக்கை. அதை இருவரும் அடுத்தவர் பக்கமே தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.)

இயற்பியல்: "இயற்பியலும் ஓவியமும் கைகோத்து, உலகக் கலாசாரங்களின் பன்முகத்தன்மையைக் கொண்டாட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்." டீச்சர், இதில் எனக்குப் புரிந்தது வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

ஓவியம்: சுலபம் சார். நீங்கள் பல்பு மாட்டுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இயற்பியல்: இருபது வருடமாக ஒளியியல் நடத்துகிறவனை பல்பு மாட்டச் சொல்கிறீர்களே! நான் பத்து சார்ட் தருகிறேன், உங்கள் பிள்ளைகள் அதற்குக் கலர் அடித்துவிடட்டும்.

ஓவியம்: கலர் அடிக்கத்தான் நான் ஐந்து வருடம் கல்லூரிக்குப் போனேனா?

இயற்பியல்: சரி, போன வருடம் என்ன செய்தோம்?

ஓவியம்: நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது நாட்டு உடை மாட்டி வரிசையில் நிறுத்தினோம். நடுவர் ஒரு பையனிடம், "நீ எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்டார். "வாடகைக் கடையிலிருந்து" என்றான்.

இயற்பியல்: அவனா! தேர்விலும் அப்படித்தான். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் என்ன நிறம் என்று கேட்டால் 'சேறு' என்று எழுதிவைத்திருக்கிறான்.

ஓவியம்: சரியாகத்தானே எழுதியிருக்கிறான்?

இயற்பியல்: மஞ்சள், டீச்சர்!

ஓவியம்: மஞ்சளா? ஒரு நாளாவது தூரிகையைத் தொட்டிருக்கிறீர்களா? சிவப்பையும் பச்சையையும் குழைத்தால் பழுப்பாக, சேறு மாதிரிதான் வரும். அட, இருங்கள். என் தேர்வில் அதே பையன் 'மஞ்சள்' என்று எழுதியிருந்தானே! நான் பூஜ்யம் போட்டேன்.

இயற்பியல்: நானும் பூஜ்யம்தான். எந்தத் தேர்வு முதலில் நடந்தது?

ஓவியம்: உங்களுடையது.

இயற்பியல்: அப்படியென்றால் நான் திருத்திக் கொடுத்ததை மனப்பாடம் செய்து உங்களிடம் எழுதியிருக்கிறான்.

(சிறிது நேரம் மௌனம். விடைத்தாள் கட்டுகளை இருவரும் பார்க்காத மாதிரி பார்க்கிறார்கள்.)

ஓவியம்: யார் சொல்வது சரி என்று இப்போதே தெரிந்தாக வேண்டும்.

இயற்பியல்: அந்த செலஃபன் தாளைக் கொடுங்கள். ஒரு டார்ச்சுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை. விளக்கை அணையுங்கள். இப்போது சுவரைப் பாருங்கள், இரண்டும் விழுகிற இடத்தை.

ஓவியம்: ...மஞ்சள் மாதிரி இருக்கிறது.

இயற்பியல்: மாதிரி எல்லாம் இல்லை, மஞ்சள். தாள் மலிவானது, அதனால் கொஞ்சம் மங்கல். ஒளியோடு ஒளி சேர்ந்தால் கூடும். உங்கள் பெயிண்ட் அப்படியில்லை. சிவப்பு பெயிண்ட் பச்சையை விழுங்கும், பச்சை பெயிண்ட் சிவப்பை விழுங்கும். இரண்டையும் கலந்தால் ஒன்றை ஒன்று தின்றது போக மிச்சம்தான் கண்ணுக்கு வரும்.

ஓவியம்: அதாவது சேறு.

இயற்பியல்: ...அதாவது சேறு.

ஓவியம்: ஆக பையன் இரண்டு இடத்திலும் சரி, இடம்தான் மாறிவிட்டது. சார், கையைக் கொஞ்சம் குறுக்கே நீட்டுங்கள். ஐயோ, இரண்டு நிழல்! ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை!

இயற்பியல்: சிவப்பு டார்ச்சை என் கை மறைத்த இடத்தில் பச்சை மட்டும்தானே விழும்? நீல டார்ச்சும் சேர்த்தால் இன்னும் வேடிக்கை. மூன்றும் சேர்ந்த இடம் வெள்ளை. அதில் சிவப்பை மட்டும் மறைத்தால் நிழல் சியான், அதாவது பச்சை கலந்த நீலம். பச்சையை மறைத்தால் மெஜந்தா, ஒரு மாதிரி கருஞ்சிவப்பு ரோஸ். நீலத்தை மறைத்தால் மஞ்சள்.

ஓவியம்: சியான், மெஜந்தா, மஞ்சள்... பிரிண்டரில் போடுகிற மை சார் அது! என்னுடைய நிறமெல்லாம் உங்கள் ஒளியின் நிழலா?

இயற்பியல்: அப்படித்தான் போலிருக்கிறது. (இவர் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை யாரும் பார்த்ததில்லை.)

ஓவியம்: வந்துவிட்டது ப்ராஜெக்ட்! நிழல் பொம்மலாட்டம். ஜாவாவில் வயாங் குலிட், துருக்கியில் காராகோஸ், அப்புறம் சீனாவின் நிழல் கூத்து. மூன்றும் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் இருக்கின்றன. 2008, 2009, 2011 என்று வரிசையாகச் சேர்ந்தன.

இயற்பியல்: ஆண்டெல்லாம் எனக்கு வேண்டாம். நிழல் எப்படி விழுகிறது, அதைச் சொல்லுங்கள்.

ஓவியம்: ஜாவா பொம்மை எருமைத் தோல். பூவேலை மாதிரி பொடிப் பொடியாகத் துளை போட்டிருப்பார்கள். உருவம் கறுப்பாக விழும், துளைகள் மட்டும் மின்னும். காராகோஸ் பெரும்பாலும் ஒட்டகத் தோல். கண்ணாடி மாதிரி ஆகும்வரை பதப்படுத்திச் சாயம் ஏற்றுவார்கள். அதனால் திரையில் நிழலே கலராக விழும்.

இயற்பியல்: அட, அது ஃபில்டர்! நம் செலஃபன் தாள் செய்கிற அதே வேலை.

ஓவியம்: சீனாவில் பல ஊர்களில் கழுதைத் தோல். அதுவும் ஒளி ஊடுருவுகிற மாதிரி சீவிச் சாயம் தீட்டியதுதான்.

இயற்பியல்: மூன்று நாட்டிலும் ஒளி நேர்கோட்டில்தான் போகிறது. விதி ஒன்றுதான். பன்முகத்தன்மை எங்கே இருக்கிறது?

ஓவியம்: தோலில் இருக்கிறது சார். எருமை, ஒட்டகம், கழுதை.

இயற்பியல்: இதை மேடையில் அப்படியே சொல்லிவிடாதீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்களைத்தான் சொல்கிறோம் என்று நினைப்பார்கள்.

ஓவியம்: திரையோடு ஒட்டி வைத்தால் நிழல் பளிச்சென்று இருக்கும். விளக்குப் பக்கம் இழுத்தால் பெரிதாகி ஓரமெல்லாம் கலங்கும். அரக்கன் வருகிற காட்சிக்கு அது போதும்.

இயற்பியல்: கருநிழல், புறநிழல்! நடுவில் முழு இருட்டு, ஓரத்தில் அரை இருட்டு. போன மாதம் இதைக் கரும்பலகையில் வரைந்தேன். வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள்.

ஓவியம்: அரக்கனை வரைந்தீர்களா?

இயற்பியல்: இல்லை, ஒரு வட்டம் வரைந்தேன்.

ஓவியம்: பின்னே தூங்காமல் என்ன செய்வார்கள்? அரங்கு முகப்புக்கு வானவில் வேண்டும். எத்தனை நிறம் போட?

இயற்பியல்: நியூட்டன் ஏழு என்றார். இசையில் ஏழு சுரம் இருப்பதால் இங்கேயும் ஏழு இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. உண்மையில் வானவில்லில் கோடே கிடையாது, ஒன்றுக்குள் ஒன்று கரைந்துகொண்டே போகும். எங்கே வெட்டுவது என்பது பார்க்கிறவர் பாடு.

ஓவியம்: அதுதான் ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் அடர்நீலத்துக்கும் தனித்தனிப் பெயர், இரண்டும் வேறு வேறு நிறம். ஜப்பானில் பச்சை சிக்னலை நீலம் என்பார்கள். எனக்கு எத்தனை டப்பா பெயிண்ட் வாங்குவது என்று தெரிந்தால் போதும்.

இயற்பியல்: ஏழே வாங்குங்கள். தணிக்கையில் நியூட்டன் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

(டார்ச்சை மேசையில் வைக்கப் போகும்போது சிவப்பு ஒளி விடைத்தாள் மேல் விழுகிறது.)

ஓவியம்: சார்! பையனின் பூஜ்யம் எங்கே?

இயற்பியல்: அதே இடத்தில்தான் இருக்கிறது. சிவப்பு மை. சிவப்பு ஒளியில் வெள்ளைத் தாளும் சிவப்பு, மையும் சிவப்பு. பிரித்துக் காட்ட எதுவும் இல்லை, அதனால் மறைந்துவிட்டது. பச்சை டார்ச்சை அடித்தால் கறுப்பாகத் திரும்பி வரும்.

ஓவியம்: வேண்டாம், அடிக்காதீர்கள். பேனாவை எடுங்கள், அப்படியே முழு மார்க் போட்டுவிடுவோம். என் தாளையும் இந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

(இரண்டு தாள்களிலும் மார்க் ஏறுகிறது. வாசலில் பியூன்.)

இயற்பியல்: என்னவாம்?

ஓவியம்: பேனர் பற்றி. ப்ராஜெக்ட் தலைப்பு சின்னதாக இருந்தால் போதுமாம். தலைமை ஆசிரியர் பெயர் நடுவில் ஒரு அடி உயரத்தில் வர வேண்டுமாம். நம் பெயர் வேண்டாமாம்.

இயற்பியல்: துணி என்ன நிறம்?

ஓவியம்: வெள்ளை.

இயற்பியல்: பெயரைச் சிவப்பில் எழுதுங்கள் டீச்சர். விளக்கு போடுவது என் பொறுப்பு.