வீங்கிய தீனிப்பையைத் தலைகீழாகப் பிடித்துப் பிழியாதீர்கள்

"தீனிப்பை வீங்கிய வெடைக்கோழியின் காலைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பிழிந்தால் எல்லாம் வெளியே வந்து சரியாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வைத்தியம் சுற்றுகிறது. தீனிப்பை என்பது கோழி தின்ற இரை முதலில் தங்கும், கழுத்தடியில் உள்ள பை. தயவுசெய்து செய்யாதீர்கள். கோழியின் வாயைத் திறந்து பாருங்கள், நாக்குக்குப் பின்னால் ஒரு சின்னப் பிளவு திறந்து திறந்து மூடும், அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். பிழியும்போது வரும் புளித்த நீர் அதற்குள் போனால் கோழி உங்கள் கையிலேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகலாம்.

முதலில் அது நோய்தானா என்று பாருங்கள். சாயங்காலம் மேய்ந்துவிட்டு வரும் கோழிக்குத் தீனிப்பை புடைத்துத்தான் இருக்கும். விடிந்ததும் தீனி போடும் முன் தடவிப் பாருங்கள், காலியாக இருந்தால் கவலையில்லை. அப்போதும் கெட்டியாக இருந்தால் நீளப் புல்லோ சணல் நாரோ அடைத்திருக்கலாம். தளதளவென்று இருந்து வாயில் புளித்த வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை பெருகியிருக்கலாம், அதற்கு மீந்துபோன ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தால் இன்னும் மோசமாகும்.

கோழியைத் தனியாகக் கதகதப்பாக வையுங்கள், தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வையுங்கள். கெட்டியாக இருந்தால் கோழியை நிமிர்த்திப் பிடித்தபடியே விரல் நுனியால் மெதுவாக நீவி விடலாம். மறுநாளும் வற்றவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போங்கள். இளங்கோழியில் குடற்புழுவும் மேரக்ஸ் என்ற வைரஸ் நோயும்கூடத் தீனிப்பையை இப்படித் தேங்க வைக்கும், அதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது.