அனுப்பி வைத்தால் மட்டும் போதாது

போதை மீட்பு, மனநல ஆலோசனை வேலையில் இருக்கும் நாங்கள் ரொம்பவும் தள்ளிப்போடும் பேச்சு ஒன்று உண்டு. "வாரம் ஒருமுறை என்னைப் பார்ப்பது உங்களுக்குப் போதவில்லை, இன்னும் தீவிரமான சிகிச்சை வேண்டும்" என்பதுதான் அது. சொல்லியாக வேண்டும் என்று மனசுக்குத் தெரிந்த பிறகும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறோம். இந்தத் தாமதம் உயிரையே வாங்கிவிடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தள்ளிப்போடுவதற்கான காரணங்கள் எல்லாமே நல்லெண்ணம் மாதிரிதான் தெரியும். பல மாதம் பழகி இப்போதுதான் மனம் திறந்து பேசுகிறார். இந்த நேரத்தில் வேறு இடத்துக்கு அனுப்பினால் கைகழுவிவிட்டதாக நினைப்பாரோ, மொத்தமாகவே வராமல் போய்விடுவாரோ என்ற பயம். நடுவில் பத்து நாள் குடிக்காமல் இருந்திருப்பார். அந்தப் பத்து நாளைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் ஓட்டுவோம். பயம் நியாயமானதுதான். ஆனால் அவர் கைகழுவப்பட்டதாக உணர்வது பெரும்பாலும் நாம் சொல்லும் விதத்தாலும், சொன்ன பிறகு விலகிக்கொள்வதாலும்தான்.

முதலில், தள்ளிப்போடவே கூடாத இடம் எது என்று சொல்லிவிடுகிறேன். தினமும் நிறையக் குடிப்பவர், கை நடுக்கத்தை அடக்குவதற்காகவே காலையில் குடிப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர். இவர்களிடம் "நாளையிலிருந்து விட்டுவிடுங்கள்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற மோசமான கட்டம் அதற்கும் அப்புறம், 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வருகிறது. இரண்டாம் நாள் சாயந்திரம் "பரவாயில்லை, தாண்டிவிட்டார்" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகியிருப்பார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அவர் போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டிருப்பார். எதிரில் நிற்கும் மனைவியை அடையாளம் தெரியாது. உடம்பு கொதிக்கும். சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிரே போகலாம். மருத்துவமனையில் போடும் தயமின் ஊசியைச் சும்மா சத்து ஊசி என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பில் அந்த வைட்டமின் பி1 தீர்ந்துபோனால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்; நினைவாற்றல் திரும்பாமலே போகலாம். பல மாதம் தொடர்ந்து எடுத்த பென்சோடயசெபின் வகைத் தூக்க மாத்திரைகளும் இதே மாதிரிதான். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் பார்வையில் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். மன உறுதியால் இதையெல்லாம் கடந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

தற்கொலை விஷயமும் அப்படித்தான். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. திட்டமும் வழியும் இருக்கிறது என்றால் அது அடுத்த வாரச் சந்திப்புக்கு ஒத்திவைக்கும் விஷயமே இல்லை. அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

அதற்காக எல்லோரையும் எங்காவது சேர்த்துவிடுவதும் சரியில்லை. 1977ல் லண்டனில் மனநல மருத்துவர் க்ரிஃபித் எட்வர்ட்ஸும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பிரபலமானது. குடிப்பழக்கம் உள்ள, திருமணமான 100 ஆண்களில் ஒரு பாதிக்கு ஒரே ஒரு ஆலோசனை அமர்வு, மறுபாதிக்கு விரிவான சிகிச்சை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தீவிர சிகிச்சையே வீண் என்று இதை வைத்து வாதாடுபவர்கள் உண்டு; நான் அப்படிப் படிக்கவில்லை. குடும்பம் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்குக் குறைவான சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். அதே அளவு, வீட்டில் எல்லோருமே குடிக்கும் ஒருவருக்கும், காதில் குரல் கேட்கும் ஒருவருக்கும் போதாது. அமெரிக்க போதை மருத்துவச் சங்கம் 1991ல் முதலில் வெளியிட்டு, பிறகு திருத்திவரும் வழிகாட்டி இதைத்தான் வகைபிரித்துப் பார்க்கச் சொல்கிறது: விலகல் அறிகுறி (போதையை நிறுத்தியதும் வரும் தொல்லை) எவ்வளவு ஆபத்து, உடம்பு எப்படி, மனம் எப்படி, மீண்டும் போதைக்குத் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு, திரும்பிப் போகப்போகும் வீடு எப்படிப்பட்டது. அந்த வழிகாட்டியில் வாராந்திர ஆலோசனைப் பேச்சுக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் நடுவே படிகள் இருக்கின்றன. வீட்டில் இருந்துகொண்டே வாரம் 9 மணி நேரமோ அதற்கு மேலோ வந்துபோவது ஒன்று. வாரம் 20 மணி நேரமோ அதற்கு மேலோ வந்துபோவது இன்னொன்று. குடும்பங்களுக்கு இது தெரிவதே இல்லை. தீவிர சிகிச்சை என்றதும் பூட்டிய கதவுதான் அவர்கள் கண்முன் வருகிறது.

சரி, எப்படிச் சொல்வது? "நீங்கள் ஒத்துழைக்கவில்லை, அதனால் அனுப்புகிறேன்" என்று மட்டும் சொல்லவே கூடாது. அது தண்டனை. ஏற்கெனவே தன்மேல் வெறுப்போடு உட்கார்ந்திருப்பவர் காதில் "நீ தேறமாட்டாய்" என்றுதான் விழும். நான் சொல்வது இது: "நீங்கள் எவ்வளவு முயற்சி செய்கிறீர்கள் என்று கூடவே இருந்து பார்க்கிறேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் இந்த நோய்க்குப் பத்தவில்லை. சிகிச்சையைக் கூட்டுவோம். முடிந்ததும் திரும்ப இங்கேதான் வரப்போகிறீர்கள்." இந்தப் பேச்சை முதல் சந்திப்பிலேயே ஆரம்பித்துவிட்டால் இன்னும் நல்லது. எந்த நிலை வந்தால் சிகிச்சையைக் கூட்டுவது என்று அன்றைக்கே இருவரும் சேர்ந்து பேசி வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஒரு சீட்டில் பெயரும் நம்பரும் எழுதிக் கொடுப்பது ரெஃபரல் (இன்னொரு இடத்துக்குச் சிகிச்சைக்கு அனுப்பிவைப்பது) ஆகாது. மூன்று நாள் தூங்காதவர், முன்பின் தெரியாத ஒருவரிடம் போனில் தன் அவமானத்தையெல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பாதிப்பேர் அந்த நம்பரை அழைக்காமல் போனால் யார் குற்றம்? அவருடைய சம்மதத்தோடு அவர் எதிரிலேயே போன் செய்யுங்கள். அறிமுகம் செய்துவிட்டு போனை அவர் கையில் கொடுங்கள். தேதியும் நேரமும் உறுதியான பிறகு வையுங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், வலிப்பு வந்ததா, என்ன மாத்திரை எத்தனை மில்லிகிராம், தற்கொலை முயற்சி உண்டா என்பதெல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். "காலையில் கேட்டால் பேசுவார், அப்பாவைப் பற்றி முதல் நாளே கேட்க வேண்டாம்" என்பது போன்ற வரியும் இருக்கட்டும். படுக்கை கிடைக்க இரண்டு வாரம் ஆகும் என்றால் அந்த இரண்டு வாரமும் அவர் நம் பொறுப்பு.

அனுப்பும் இடத்தையும் விசாரித்தே ஆக வேண்டும். மருத்துவர் இருக்கிறாரா, குடும்பம் போய்ப் பார்க்க முடியுமா, அடிக்கிறார்களா. எனக்குப் பெரிய கோபம் இருப்பது இன்னொரு விஷயத்தில். மனச்சோர்வும் குடியும் சேர்ந்தே இருப்பவரிடம் போதை மையம் "முதலில் மனநோயைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்" என்கிறது. மனநலப் பிரிவு "முதலில் குடியை விட்டுவிட்டு வாருங்கள்" என்கிறது. இரண்டு பக்கமும் ஆளைப் பந்தாடுகிறார்கள். ஒன்று இன்னொன்றைக் கிளப்பிவிடும்போது எதை முதலில் தனியாக நிறுத்துவது? இரண்டையும் சேர்த்துப் பார்ப்பீர்களா, இப்போது எடுக்கும் மனநல மாத்திரையைத் தொடரவிடுவீர்களா என்று கேட்டுத் தெளிவான பதில் வாங்காமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

சேர்த்தாயிற்று, வெளியே வந்துவிட்டார், இனி பயமில்லை என்று நினைக்கும் வாரங்கள்தான் அதிக ஆபத்து. ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கம் உள்ளவருக்குச் சில வாரம் எடுக்காமல் இருந்ததில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவை ஒருமுறை எடுத்தாலே மூச்சு நின்றுவிடலாம். ஓபியாய்டு ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன், ப்யூப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளைத் தொடர்வது இதற்காகவும்தான். மனநலப் பிரிவிலிருந்து வந்தவர்களுக்கும் முதல் வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து உச்சத்தில் இருக்கும். அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே நம்மைச் சந்திக்கும் நாள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். முடிந்தால் அந்த வாரத்திலேயே. அன்றைக்கு வரவில்லை என்றால் நாமே அழைக்க வேண்டும்.

போக மாட்டேன் என்று மறுத்தால்? உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதவரை அது அவருடைய முடிவு. "அப்படியானால் இனி உங்களைப் பார்க்க மாட்டேன்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. இருக்கும் ஒரே பிடியையும் நாமே விட்டுவிடுவதாகிவிடும் அது. எது பயமாக இருக்கிறது என்று கேட்பேன். வேலை போய்விடும் என்பார், குழந்தையை யார் பார்ப்பது என்பார், முன்பு ஒரு மையத்தில் பட்ட அடியைச் சொல்வார். பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே அடுத்து செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அதைச் செய்துவிட்டு, அடுத்த சந்திப்பில் மறுபடி கேட்பேன்.