மாஸ்லோவின் படிநிலை மாடிப்படி அல்ல
உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ மனிதத் தேவைகளைப் படிநிலையாக அடுக்கினார். உணவும் பாதுகாப்பும் முழுதாகக் கிடைத்த பிறகே மதிப்பு, அன்பு போன்ற தேவைகள் எழும் என்று அவர் சொன்னதாகப் பலரும் நினைக்கிறார்கள். மாஸ்லோ அப்படிச் சொல்லவில்லை. தம் 1943 கட்டுரையிலேயே, சராசரி மனிதருக்கு உடல் தேவை 85, பாதுகாப்பு 70, அன்பு 50, தன்மதிப்பு 40, தன் திறனை முழுதாக வெளிப்படுத்தும் தேவை 10 சதவீதம் நிறைவேறியிருக்கலாம் என்று ஓர் உதாரணம் தருகிறார். எல்லாம் ஒரே நேரத்தில், அரைகுறையாக. அவர் பெயரோடு வழக்கமாகக் காட்டப்படும் பிரமிடு படமும் அந்தக் கட்டுரையில் கிடையாது.

முதியோர் இல்லத்தில் இந்தப் பிழை நேரடியாகத் தெரியும். குளிக்க மறுக்கும் பாட்டியை “சுத்தம் முதலில்” என்று இழுத்துப் போனால் அடுத்த நாள் எதிர்ப்பு கூடும். கதவைத் தட்டுங்கள், பெயரும் முறையும் சொல்லிக் கூப்பிடுங்கள். இப்போதா, சாப்பிட்ட பிறகா என்று இரண்டே தெரிவு கொடுங்கள். நினைவு மங்கியவருக்கு அதற்கு மேல் குழப்பம். துண்டால் மூடியபடி ஒவ்வொரு பகுதியாகக் கழுவுங்கள்.

உளவியல் சிகிச்சை பலன் தர உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் வைத்த நிபந்தனைகளில் பலரும் விட்டுவிடுவது கடைசியானது: நம் பரிவும் ஏற்பும் ஓரளவாவது எதிரில் இருப்பவருக்கு எட்ட வேண்டும். பயிற்சி வகுப்புகளில் சொன்னதையே திருப்பிச் சொல்லப் பழக்குகிறார்கள். “வீட்டுக்குப் போகணும்” என்பவரிடம் “வீட்டுக்குப் போகணுமா?” என்றால் எதுவும் எட்டாது. “இங்கே தனியா இருக்கிற மாதிரி இருக்கா?” என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். ஆனால் ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று பணிப்பட்டியல் போடும் நிர்வாகம், இப்படிக் காத்திருந்து கேட்க முடியாமல் போவதை ஊழியரின் குணக்குறையாகப் பார்ப்பது அநியாயம்.