இரண்டு மீட்டர் ஆழமாம்!

நேத்து ராத்திரி எல்லாரும் ஷேர் பண்ணின அந்த வீடியோவைப் பத்தித்தான். மண்ணுக்குள்ள உலோகம் தேடுற மலிவு மெட்டல் டிடெக்டரைப் பத்தினது. இங்கிலாந்து வயல்களில் புதைஞ்ச பழங்காசு தேட முதல்முறையாக் கிளம்புற நம்ம பிள்ளைங்களுக்கு, "89 பவுண்ட்தான், இரண்டு மீட்டர் ஆழம் காட்டும், தோண்டினா ரோமன் காசு"ன்னு சிரிச்சுகிட்டே சொல்றார். கீழே "லிங்க் ப்ளீஸ் அண்ணா" வரிசை. நான் தப்புன்னு எழுதினதுக்கு "வயித்தெரிச்சல்"னு ஒரு பதில், அதுக்கு ஏகப்பட்ட ஹார்ட். சரி, வயித்தெரிச்சல்தான். அதைக் கொஞ்சம் விவரமாவே கொட்டிடறேன்.

ஆழத்தைப் பார்த்து டிடெக்டர் வாங்காதீங்க.

மிஷின் அடியில் இருக்கிற தட்டு, உள்ளே கம்பிச்சுருள், அதுக்குப் பேர்தான் காயில் (coil). அது அனுப்புற காந்தப்புலம் தூரத்தோட சட்டுனு தேயும். காசிலிருந்து திரும்பி வர்றது அதே மாதிரி இன்னொரு தடவை தேயும். காயில் அகலத்தைத் தாண்டின ஆழத்தில், ஆழம் இரண்டு மடங்கானா சிக்னல் கிட்டத்தட்ட 64-ல் ஒரு பங்கு. நல்ல மிஷின், 11 அங்குல காயில், சாதாரண மண் என்றால் ஒத்தைக் காசு 15, 20 சென்டிமீட்டரில் தெளிவாக் கேட்கும். மண் ஒத்துழைச்சா இன்னும் கொஞ்சம். இரண்டு மீட்டரில் கேட்கணும்னா கீழே இருக்கிறது காசா இருக்காது, காரா இருக்கணும்.

நிஜமாவே பார்க்க வேண்டியது, இரும்புக்குப் பக்கத்தில் கிடக்கிற காசைப் பிரிச்சுச் சொல்லுதா என்பதை. 1919 சிக்ஸ்பென்ஸ், அதாவது பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் காசு ஒண்ணு எடுங்க. .925 வெள்ளி, சுமார் 19 மில்லிமீட்டர். மர மேசைமேல வச்சு, ஐந்து சென்டிமீட்டர் தள்ளி ஒரு துருப்பிடிச்ச ஆணி. மேசையில் இரும்புத் திருகு இல்லைன்னு பார்த்துக்குங்க. மலிவு மிஷின் மேலே போனா ஒண்ணும் சொல்லாது. இரும்பை அமுக்கும்போது வெள்ளியையும் சேர்த்து அமுக்கிடும். 90 டிகிரி திரும்பி வேற பக்கத்திலிருந்து வீசினா சில சமயம் ஒரு சின்னக் கீச்சு. ரெகவரி ஸ்பீட், அதாவது ஒரு சிக்னல் முடிஞ்சதும் அடுத்ததுக்குத் தயாராகிற வேகம், நல்லா இருக்கிற மிஷின் ஆணிக்கு ஒரு கரகரப்பு, காசுக்கு ஒரு மணிச்சத்தம்னு தனித்தனியாச் சொல்லும். பழைய வீட்டு மனையும் சந்தைத் திடலும் இருந்த வயல் முழுக்க ஆணிதான். காசும் அங்கேதான் கிடக்கும்.

வீடியோவில் இன்னொரு முத்து: "டிஸ்கிரிமினேஷனை ஏத்தி வச்சுட்டா குப்பையே வராது." வேண்டாத உலோகத்துக்குக் கத்தாம இருக்க வைக்கிற செட்டிங் அது. வராது. காசும் வராது! 1279-க்கு முன்னாடி இங்கே சில்லறைக்கு வெள்ளிப் பென்னியையே பாதியா, காலா வெட்டிப் புழங்கினாங்க. அந்தக் கால் துண்டு அரை கிராம்கூடத் தேறாது, மிஷினுக்கு அது சிகரெட் பெட்டி ஃபாயில். மிஷின் திரையில், டப்பா மூடியின் வளையத்துக்கு விழற எண்ணில்தான் தங்க மோதிரமும் விழும். இரும்பை மட்டும் தள்ளிட்டு மத்ததைத் தோண்டுங்க. கலகலன்னு காரணமில்லாமக் கத்தினா சென்சிட்டிவிட்டியைக் குறைங்க. மேலே மின்கம்பி போகுதான்னும் பாருங்க.

"ஸ்டாஃபோர்ட்ஷையர் புதையலையே டெரி ஹெர்பர்ட் 2.50 பவுண்ட் மிஷினில்தான் எடுத்தார்"னு வருவீங்க, தெரியும். ஆங்கிலோ-சாக்சன் காலத்துத் தங்கப் புதையல் அது. 2009. பல வருஷமாத் தேடிப் பழகின கை, நில உரிமையாளர் அனுமதி, உழுது மேலே வந்த தங்கக் குவியல். அதில் காசு ஒண்ணுகூடக் கிடையாது. நீங்க தேடப் போறது அரை கிராம் வெள்ளி.

"அப்போ ஆயிரம் பவுண்டுக்கு வாங்கச் சொல்றியா?" இல்லை. காது பழகாம அதையும் பரணில்தான் போடுவீங்க.

200-லிருந்து 300 பவுண்டுக்குள், நொக்டா சிம்ப்ளெக்ஸ் வகையோ மைன்லாப் எக்ஸ்-டெர்ரா ப்ரோவோ போதும். டிடி காயில் (D வடிவச் சுருள் ரெண்டு ஒண்ணுமேல ஒண்ணு), எண் காட்டும் திரை, தண்ணி தாங்கும். கடற்கரை ஈர மணலே கதின்னா மட்டும் ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் வேலை செய்ற மல்டி ஃப்ரீக்வென்சி மிஷின், உப்பு ஒத்தை அலைவரிசையைப் பாடாப்படுத்தும். செகண்ட் ஹேண்டா வாங்கினா சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சரிபாருங்க, போலி நிறைய. மிச்சப் பணத்தில் பின்பாயிண்டர் வாங்குங்க, குழிக்குள் காசு எங்கேன்னு துல்லியமாக் காட்டுற சின்னக் கைக்கருவி. அது இல்லாம மண்ணை விரலால் சலிச்சு, மண்வெட்டியால் காசையே வெட்டினவங்க உண்டு. வீடியோவில் அந்தப் பேச்சே இல்லை.

தோண்டுறது எப்படின்னும் இல்லை. புல்தரையில் மூணு பக்கம் மட்டும் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டுத் திருப்பிப் போடணும். எடுத்ததும் மண்ணைத் தள்ளி, மூடி, மிதிச்சு விடணும். கிடைச்ச காசை விரலால் தேய்க்கக் கூடாது, மண்ணே கீறிடும். வெறும் தண்ணி போதும். வினிகரில் கழுவுன்னு சொன்ன மகராசன் யாரோ.

இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்னு கேட்கலாம். ஒருத்தர் குழியை மூடாமப் போனா, ஆட்டுக் கால் உடைஞ்சா, அந்த விவசாயி அடுத்து கேட் தட்டுற எல்லாருக்கும் கதவைச் சாத்துவார். நம்ம முகம் இருக்கிறவனுக்கு முதல்ல சாத்துவார். இந்த ஊரில் நாம வயல் நடுவுல நின்னாலே ரெண்டு பேர் வண்டியை நிறுத்திப் பார்க்கிறாங்க. அனுமதி இல்லாம நுழைஞ்சவனுக்கு நைட்ஹாக்னு பேர். பொது நடைபாதையில் நடக்கத்தான் உரிமை, தோண்ட இல்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தில் அனுமதியில்லாம டிடெக்டரைப் பயன்படுத்தினாலே குற்றம். 300 வருஷத்துக்கு மேலான தங்க, வெள்ளிக் காசு ஒரே இடத்தில் ரெண்டு கிடைச்சாலே 1996 சட்டப்படி புதையல், 14 நாளுக்குள் அதிகாரிகளிடம் சொல்லணும். 2010-ல் ஃப்ரோம்ங்கிற ஊர்ப் பக்கம் டேவ் கிரிஸ்ப்னு ஒரு டிடெக்டர்காரர் காசுப் பானையைக் கண்டதும் நிறுத்திட்டு ஆய்வாளர்களைக் கூப்பிட்டார். 52,503 காசு, அடுக்கு அடுக்கா எடுத்தாங்க. நம்ம வீடியோக்காரர் கையில் கிடைச்சிருந்தா லைவ் போட்டு வாளியில் அள்ளியிருப்பார்.

இன்பாக்ஸில் லிங்க் கேட்டவங்களுக்கு: லிங்க் இல்லை. எந்த ஊர், யார் வயல், எழுத்தில் அனுமதி வாங்கியாச்சான்னு எழுதுங்க. மிஷினை அப்புறம் பேசலாம்.