ஞாபகார்த்த நிதி வைக்க நினைப்பவர்களுக்கு

அன்புக்குரிய ஒருவர் மறைந்த பிறகு அவருடைய ஞாபகார்த்தமாகச் சபையிலோ ஒரு கிறிஸ்தவ அறக்கட்டளையிலோ நிதி ஒன்றை ஏற்படுத்துவது நல்ல காரியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதை எப்படி ஏற்படுத்துகிறோம் என்பதில்தான் எனக்குச் சொல்வதற்கு இருக்கிறது. சபையின் நிதிக் குழுவில் சில காலம் இருந்தவன் என்ற முறையில், துக்கத்தின் வேகத்தில் வைக்கப்பட்டு, பிறகு யாரும் திரும்பிப் பார்க்காமல், ஆண்டறிக்கையில் ஒரு வரியாக மட்டும் மிஞ்சிப்போன நிதிகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான குறை ஒன்று உண்டு: மறைந்தவரின் பெயரை எங்கே, எவ்வளவு பெரிதாக எழுதுவது என்பதைப் பற்றிக் குடும்பத்தார் நெடுநேரம் யோசித்திருப்பார்கள், அவர் உயிரோடிருந்தபோது யாருக்கு என்ன செய்தார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

வேதாகமத்திலேயே இரண்டு விதமான நினைவும் இருக்கிறது. தன் பெயரை நினைப்பூட்ட மகன் இல்லை என்று சொல்லி, தாவீது ராஜாவின் மகன் அப்சலோம் உயிரோடிருக்கும்போதே ராஜாவின் பள்ளத்தாக்கில் தனக்கென்று ஒரு தூணை நிறுத்தி அதற்குத் தன் பெயரையே சூட்டினான் என்று 2 சாமுவேல் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. அவன் கொல்லப்பட்டு, ஒரு குழியில் போடப்பட்டு, மேலே கற்குவியல் குவிக்கப்பட்ட செய்தியை ஒட்டியே அந்தத் தூணைப் பற்றிய குறிப்பும் வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் இறந்தபோது நடந்தது வேறு. பேதுரு மேல்வீட்டறைக்குள் வந்ததும் விதவைகள் அழுதுகொண்டே அவரைச் சூழ்ந்து நின்று, அவள் தங்களோடு இருந்த காலத்தில் தைத்துக் கொடுத்த உடைகளைக் காட்டினார்கள். அவளைப் பற்றி யாரும் அங்கே உரை நிகழ்த்தவில்லை. ஒரு ஞாபகார்த்த நிதிக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரியை நான் அறியேன்: மறைந்தவரின் கைவேலை எதுவோ அதுவே நிதியின் வேலையாக இருக்க வேண்டும்.

என் சித்தி மறைந்தபோது எங்கள் குடும்பத்திலும் இந்தப் பேச்சு எழுந்தது. ஆலயத்தில் சலவைக்கல் பலகை பதிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அவர் பெயரில் பரிசுக் கோப்பை வைக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். சித்தியின் வேதாகமத்தை எடுத்துப் பார்த்த என் அக்காதான், பின்னட்டையின் உட்பக்கத்தை எல்லோருக்கும் காட்டினாள். நோயுற்றவர்களின் பெயர்களைச் சித்தி பென்சிலால் வரிசையாக எழுதி வைத்திருந்தார். போய்ப் பார்த்துவிட்டு வந்த பெயருக்கு எதிரே சிறியதாக ஒரு சரிக்குறி. சில பெயர்களுக்கு எதிரே குறிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு ஓரத்தில் இடமில்லாமல் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தன. "இவ்வளவு பேரைப் பார்க்கப் போயிருக்கிறாங்களே, சொன்னதே இல்லையே" என்று சித்தப்பா கேட்டார். அதன் பிறகு பலகையைப் பற்றி யாரும் பேசவில்லை. நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்குச் சென்று கவனிக்கும் ஊழியத்துக்கே அந்த நிதி என்று முடிவாயிற்று. அங்கே போய்வரும் ஊழியர்களின் பயணச் செலவும் மருந்துச் செலவும் அதிலிருந்து போகின்றன.

ஏழைகளுக்குப் போக வேண்டிய பணத்தை இறந்தவரின் பெயருக்காகச் செலவழிப்பது சரியா என்று கேட்பவர்களும் உண்டு. பெத்தானியாவில் ஒரு பெண் விலையேறப்பெற்ற பரிமள தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றியபோதும் இதே கேள்விதான் எழுந்தது. அதை முந்நூறு பணத்துக்கு மேல் விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று முறுமுறுத்தார்கள். திராட்சத் தோட்டத்து உவமையில் ஒரு நாள் கூலி ஒரு பணம் என்று வருவதால், முந்நூறு பணம் ஏறக்குறைய ஒரு கூலியாளின் ஓராண்டு வருமானம். இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை. சுவிசேஷம் எங்கெல்லாம் பிரசங்கிக்கப்படுமோ அங்கெல்லாம் அவளை நினைப்பதற்காக அவள் செய்தது சொல்லப்படும் என்றார். அன்பின் மிகுதியால் செய்யப்படும் செலவை வீண் என்று தள்ளிவிட நமக்கு அதிகாரமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாக்குறுதியைப் பதிவுசெய்த மாற்கு அவளுடைய பெயரைச் சொல்லவே இல்லை. மரியாள் என்ற பெயர் யோவான் எழுதிய சுவிசேஷத்தில்தான் கிடைக்கிறது. என்றென்றும் நினைக்கப்படுவாள் என்று ஆண்டவரே சொன்ன ஒருத்தியின் செய்கை நின்றிருக்கிறது; பெயரை எழுதியே ஆக வேண்டும் என்று மாற்குவுக்குத் தோன்றவில்லை.

பொதுநிதி வைப்பது தொடக்கத் திருச்சபைக்குப் புதிய பழக்கமல்ல. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் தம் சபையின் பணப்பெட்டியைப் பற்றி எழுதுகிறார்: மாதத்தில் ஒரு நாள், விருப்பமும் வசதியும் உள்ளவர்கள் மட்டும், யாரும் கட்டாயப்படுத்தாமல் போடுகிறார்கள், அந்தப் பணம் விருந்துக்கும் குடிக்கும் போகாமல், ஏழைகளுக்கு உணவளிக்கவும் அவர்களை அடக்கம் செய்யவும், ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் வீட்டோடு முடங்கிய முதியவர்களுக்கும் கப்பல் உடைந்து தவித்தவர்களுக்கும் போகிறது என்கிறார். கி.பி. 251 வாக்கில் ரோமாபுரி ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதத்தின்படி, அந்தச் சபை 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் நலிந்தவர்களையும் தாங்கியது. அந்தப் பெட்டியில் யார் எவ்வளவு போட்டார்கள் என்பது நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

திருச்சபைத் தந்தை அகுஸ்தீனின் தாய் மோனிக்காவின் கதையும் இங்கே பொருந்தும். சொந்த ஊரில் கணவருக்கு அருகில் தனக்கென்று கல்லறைக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தவர் அவர். 387ஆம் ஆண்டு ஓஸ்தியா துறைமுகத்தில் நோயுற்றபோது, இந்த உடலை எங்கு வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், ஆண்டவரின் பலிபீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இறந்தவர்களுக்காக ஜெபிப்பதைப் பற்றிக் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் இடையே உள்ள பிணக்கை இங்கே அவிழ்க்க நான் முயலவில்லை. மறைந்தவரின் பெயரால் உயிரோடிருக்கும் ஏழைக்குக் கொடுப்பது நல்லது என்பதில் இருசாராருக்கும் சண்டை இல்லை.

நிரந்தரம் என்ற ஆசையை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வேன். இடைக்கால ஐரோப்பாவில் செல்வந்தர்கள் தங்கள் ஆன்மாவுக்காக என்றென்றும் திருப்பலி நிறைவேற்றப்பட வேண்டும் என்று நிலங்களையும் பணத்தையும் எழுதிவைத்தார்கள். இங்கிலாந்தில் 1547ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அத்தகைய கட்டளைகளை ஒழித்து, சொத்துகளை அரசுடைமையாக்கியது. என்றென்றும் என்று எழுதிய எழுத்துக்கு அவ்வளவுதான் ஆயுள். பிரான்சோடு நடந்த நூறாண்டுப் போரில் மடிந்தவர்களையும் நினைத்து 1438இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கிய ஆல் சோல்ஸ் கல்லூரி இன்றும் நிற்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது அறிவுத் தேட்டம் என்ற வாழும் வேலை ஒன்றைச் செய்துவந்த இடம்.

சிறிய நிதிகளுக்கு இந்த நிரந்தர ஆசை இன்னும் ஆபத்தானது. முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்க வேண்டும் என்று எழுதிவைப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் நிதி ஒன்று 100 என்று வைத்துக்கொள்வோம். வட்டி 7 விழுக்காடு, விலைவாசி உயர்வு 5 விழுக்காடு. கிடைக்கும் 7ஐயும் ஆண்டுதோறும் செலவழித்தால், ஏறத்தாழ 14 ஆண்டுகளில் அந்த முதலின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும்; உதவித்தொகை எழுத்தில் அப்படியே இருக்கும், பிள்ளையின் கட்டணமோ இரட்டிப்பாகியிருக்கும். முதலின் மதிப்பு குறையாமல் காப்பதென்றால் ஆண்டுக்குச் செலவழிக்கத்தக்கது ஏறக்குறைய 2தான். அதே 100ஐப் பத்தே ஆண்டுகளில் முழுவதும் செலவழித்து முடிப்பது என்று தீர்மானித்தால், இன்றைய மதிப்பில் ஆண்டுக்கு 11 வரை கொடுக்கலாம். ஐந்து மடங்குக்கும் மேல்! பத்தாண்டு என்பது ஒரு பிள்ளை நடுநிலைப் பள்ளியில் சேர்ந்து பட்டம் பெற்று வெளியே வரும் காலம். ஒரு பிள்ளையைக்கூடக் கரையேற்ற முடியாத அளவுக்கு மெலிந்த நிதியை நூறாண்டு காலம் சுமப்பதைவிட, பத்தாண்டில் சிலரைக் கரையேற்றிவிட்டு நன்றியோடு கணக்கை முடிப்பது மறைந்தவருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய தொகை வைக்க வசதி உள்ளவர்கள் நிரந்தர நிதி வைக்கட்டும்; அவர்களும் ஆண்டு வருமானத்தில் ஒரு பங்கை முதலோடு சேர்க்க வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும்.

நிபந்தனைகள் வேறொரு தொல்லை. இன்ன வகுப்பில், இன்ன பாடத்தில், இன்ன சபையைச் சேர்ந்த, இத்தனை மதிப்பெண் பெற்ற மாணவிக்கு மட்டும் என்று குறுக்கிக்கொண்டே போனால், சில ஆண்டுகளில் தகுதியுள்ளவர் யாரும் இல்லாமல் பணம் வங்கியில் கிடக்கும். அதை வேறு நல்ல காரியத்துக்குத் திருப்ப வேண்டுமென்றால் நீதிமன்றத்தையோ அறநிலைய அதிகாரிகளையோ அணுக வேண்டிய நிலையும் பல நாடுகளில் உண்டு. அன்பு எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். வழியைப் பொறுப்பாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வேலூருக்கு 1902இல் கிடைத்த மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை அப்படி வந்ததுதான். ராபர்ட் ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தம் மனைவியின் ஞாபகார்த்தமாகக் கொடுத்த 10,000 டாலரைக் கொண்டு மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் அதைத் தொடங்கினார். பெண்களுக்குப் பெண் மருத்துவரே சிகிச்சை அளிக்க வேண்டும் என்ற அன்றைய தேவைக்காக எழுந்த அந்த வேலை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, பின்னர் இருபாலரும் பயிலும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. கொடுத்தவர் எதிர்பார்த்ததைவிட வேலை பெரிதாகிவிட்டது; அதற்கு இடம் இருந்தது.

கிறிஸ்தவ நிதி கிறிஸ்தவருக்கு மட்டுமா என்ற கேள்விக்கு என் பதில் தெளிவானது: நல்ல சமாரியன் விழுந்து கிடந்தவனிடம் அவன் எந்தச் சபை என்று கேட்கவில்லை. விசுவாசக் குடும்பத்தாருக்கு விசேஷமாக நன்மை செய்யும்படி பவுல் கலாத்தியருக்கு எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அதே வசனம் எல்லாருக்கும் நன்மை செய்யும்படி சொல்லித்தான் தொடங்குகிறது. உதவியைத் தூண்டில் இரையாக்கும் நிதியில் என் உறவினர் யாருடைய பெயரும் இருப்பதை நான் விரும்ப மாட்டேன்.

உதவி பெறுகிறவரின் மானம் காக்கப்பட வேண்டும் என்பது இதை ஒட்டியது. மறைந்தவரின் மாலையிட்ட படத்துக்குக் கீழே ஏழைப் பிள்ளையை நிறுத்தி, காசோலையின் ஒரு நுனியை அதன் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுக்கும் வழக்கம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தப் படம் ஆண்டறிக்கையில் அச்சாகும். அதைப் பிள்ளையின் வகுப்புத் தோழர்களும் பார்ப்பார்கள். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று மலைப்பிரசங்கத்தில் சொன்னவரின் பெயரால் இதைச் செய்கிறோம் என்பதுதான் வேடிக்கை. குடும்பத்துக்கு அறிக்கை தேவைதான். எத்தனை பேருக்கு, எதற்காக, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினால் போதும்.

அறிக்கையைக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது, யாரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்குச் சபைகளால் தெரிந்தெடுக்கப்பட்ட ஒருவரையும் பவுல் உடன் சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனிதருக்கு முன்பாகவும் நேர்மையாயிருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் காரணமும் சொல்கிறார். ஆகவே நிதிக்குத் தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, ஆண்டுத் தணிக்கை ஆகியவற்றை முதல் நாளே கேளுங்கள். ஞாபகார்த்த நிதியைக் கட்டட நிதிக்குக் கடனாக எடுத்துவிட்டுத் திருப்பாமல் விடுவது எந்தச் சபைக்கும் எளிதில் வரக்கூடிய சோதனை. குடும்பத்தாரே எல்லாப் பொறுப்பிலும் உட்கார்ந்துகொண்டு சொந்தத்துக்கே உதவித்தொகை கொடுப்பதும் அதே அளவுக்குத் தவறு. குடும்பத்துக்கு ஓர் இடம், வெளியாருக்குப் பெரும்பான்மை என்பது நல்ல ஏற்பாடு.

அடக்க ஆராதனை முடிந்த வாரத்திலேயே தொகையை அறிவித்துவிடாதீர்கள். துக்கத்தில் வாய் தாராளமாகப் பேசும், பிறகு கை தயங்கும், தயங்கிய கை குடும்பத்துக்குள் மனக்கசப்பை வளர்க்கும். மலர்வளையத்துக்குப் பதிலாக இன்ன ஊழியத்துக்குக் கொடுங்கள் என்று அழைப்பில் குறிப்பிடுவது மட்டும் உடனே செய்யத்தக்கது. மற்றவற்றுக்குச் சில மாதங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கொடுக்கும் நாளைப் பற்றியும் யோசியுங்கள். பெரும்பாலான நிதிகள் மறைந்தவரின் நினைவு நாளில்தான் உதவியை வழங்குகின்றன. அந்த நாள் பள்ளிக் கட்டணத்தின் கடைசித் தேதிக்கு மூன்று மாதம் கழித்து வந்தால், அதற்குள் அந்தத் தாய் வட்டிக்கு வாங்கிக் கட்டியிருப்பாள்; நம் உதவி வட்டிக்காரருக்குப் போகும். நினைவு நாளில் குடும்பத்தார் ஆலயத்தில் கூடி ஸ்தோத்திரம் செலுத்தட்டும். பணம் கட்டணத் தேதிக்கு முந்தின வாரமே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று நிதியின் விதிமுறையில் எழுதிவிடுங்கள்.